அரசாங்க ஆவணங்களும் நம் பள்ளிப் பதிவேடுகளும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கறிக்கு உதவாவிடினும், ஒருவர் இந்த மண்ணில் பிறந்தார், இந்தப் பள்ளியில் படித்தார், இந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்று மெய்ப்பிக்க வேண்டிய வேளை வரும்போது ஏட்டைத் தவிர வேறொன்றும் உதவுவதில்லை. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தவர், சென்ற ஆண்டு என் பள்ளி அலுவலக வாயிலில் வந்து நின்ற ஒரு மூதாட்டியார்.

அவ்வம்மையார் எழுபது வயதைக் கடந்தவர். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கணவரை இழந்தவர். இன்றும் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டையே. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர். பிறப்புப் பத்திரத்தைப் பேணி வைக்க அவர் பெற்றோர் அறிந்திலர். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் பிறந்த இடமும் இருந்தால் துணைச் சான்றாகக் காட்டலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, மூன்றாம் வகுப்பு வரை தாம் படித்த பள்ளியைத் தேடி வந்திருந்தார். அந்தக் காலத்துப் பதிவேடு இப்பொழுது பள்ளியில் இல்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றவர், “அப்ப நான் படிச்சதே இல்லைன்னு ஆயிருச்சா, வாத்தியாரய்யா?” என்று கேட்டார்.

அதற்கு என்னால் விடை கூற முடியவில்லை. ஏனெனில் அப்பதிவேடு இல்லாமற் போனதில் எனக்கும் பங்குண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், இதே பள்ளியில் நான் இளம் ஆசிரியன். தோட்டம் விற்கப்பட்டது, பள்ளி புதிய இடத்துக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் நடந்தது. பழைய அலமாரியிலிருந்த புத்தகங்களைக் கரையான் அரித்திருந்தது. தடித்த அட்டை போட்ட பதிவேடுகள், தலைமையாசிரியர்கள் எழுதிய பள்ளிக் குறிப்பேடுகள், வருகைப் பதிவேடுகள் ஆகிய அனைத்தையும் ஒரே குவியலாகக் கொட்டினோம். மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தவன் நானே. ஏடு தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர் அவர்கள், பழஞ்சுவடிகள் ஆற்றிலும் நெருப்பிலும் இடப்பட்ட செய்தியைக் கேட்டு நொந்த வரலாற்றை வகுப்பறையில் உருக்கமாகச் சொல்லி வந்தவனும் நானே. இரண்டும் ஒன்றென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

நாம் எரித்ததன் படி ஒன்று அரசாங்கத்திடமாவது இருக்குமா என்று அறியும் பொருட்டே, பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சென்றேன். அங்கே கண்டவற்றையும், அவற்றால் நம் ஆசிரியர்கள் அறிய வேண்டுவனவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

காப்பகம் தோன்றிய வரலாறு

மலாயா விடுதலை பெற்று மூன்று திங்கள் நிறைந்த அளவில், 1957 டிசம்பர் முதல் நாள், பொது ஆவண அலுவலகம் என்னும் பெயரில் இந்நிலையம் தொடங்கப்பட்டது. 1963-இல் அதற்கு ‘அர்க்கிப் நெகாரா’, அதாவது தேசிய ஆவணக் காப்பகம், என்னும் பெயர் வந்தது. 1966-இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அரசாங்க அலுவலகம் எதுவும் தன் ஆவணங்களைக் காப்பகத் தலைமை இயக்குநரின் ஒப்புதலின்றி அழித்தல் கூடாது என்பது இச்சட்டத்தின் உயிர்நாடி. முன்பு ஜாலான் டூத்தா என வழங்கி, 2014 முதல் துவாங்கு அப்துல் ஹாலிம் பெயரைத் தாங்கி நிற்கும் சாலையில் காப்பகத்தின் கட்டடம் உள்ளது. 1982 முதல் காப்பகம் அங்கே நடைபெற்று வருகிறது.

புதிதாக விடுதலை பெற்ற நாடு, பசியும் பிணியும் தீர்க்க வேண்டிய முதல் ஆண்டிலேயே பழந்தாள்களுக்கென ஓர் அலுவலகத்தை ஏன் அமைத்தது என்று வியப்பவர் உண்டு. காரணம் எளிது. ஆளுகை கைமாறும்போது, யாருக்கு எந்த நிலம், எந்த உடன்படிக்கைப்படி எந்த உரிமை, யார் எங்கே பிறந்தார் என்பவற்றையெல்லாம் காட்டுவன அந்தத் தாள்களே. நாட்டின் நினைவை இழந்தால் நாட்டின் உரிமையும் தள்ளாடும். குடும்பத்துக்கும் இது பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும்.

நம்மவரைப் பற்றி அங்கே உள்ளவை

பங்கோர் உடன்படிக்கை 1874-இல் ஏற்பட்டபின் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் மலாய் மாநிலங்களில் அமர்ந்தனர். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் 1875 முதல் தொடங்குகின்றன. காப்பகத்தின் செல்வங்களுள் இவை தலையாயவை எனலாம். ஒவ்வொரு கோப்புக்கும் எண்ணும் ஆண்டும் உண்டு. மேலே பொருள் குறிக்கப்பட்டிருக்கும். உள்ளே மனுவோ கடிதமோ இருக்கும். அதன்மேல் ஓர் அதிகாரி மற்றோர் அதிகாரிக்கு எழுதிய குறிப்புகள் அடுத்தடுத்து நிற்கும். சாலை போடுதல், மருத்துவமனை, கள்ளுக்கடை உரிமம், தோட்டத்துக்கு நிலம், கூலிகளின் சாவு என்று எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன.

தமிழ்த் தொழிலாளர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றின் படிகளை இக்கோப்புகளோடும் ஆண்டறிக்கைகளோடும் வைத்துப் பார்த்தால் வரலாற்றுப் பாடம் உயிர் பெறுகிறது. 1884-இல் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் குடிவரவு பற்றிய சட்டம் வந்தது. அதன்படி ஒப்பந்தம் செய்து வந்தவர்களை ஆவணங்கள் ‘சட்டக் குடியேறிகள்’ என்று குறித்தன. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, தோட்ட முதலாளிமார் செலுத்திய தொகையிலிருந்து கப்பற்கூலி கொடுக்கும் முறை வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றின் பிறப்புச் சான்று இதுவே. 1938-இல் இந்திய அரசாங்கம், உதவிபெற்று வரும் கூலியாட்களின் வருகையை நிறுத்தியது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் ஒன்றை மட்டும் சிறிது விரித்துச் சொல்கிறேன். கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அத்தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்று. ‘தமிழ் நேசன்’ துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர்கள் போலீசாரும் தொழிலிலாகா அதிகாரிகளும் மேலதிகாரிகளுமே. மிதிவண்டியிலிருந்து இறங்கி நின்றவன் அன்று தன் நெஞ்சில் என்ன நினைத்தான் என்பதை எழுதக் கோப்பில் இடமில்லை. அதனால் கோப்பு பயனற்றது என்று கொள்ளலாகாது. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று கேட்டுப் படித்தல் வேண்டும், அவ்வளவே.

தாள் படமாகும் முறை

இத்தகைய ஆவணங்களை இப்பொழுது இலக்கவியல் முறையில் பதிவு செய்து வருகிறார்கள். தாளைப் படமெடுத்துக் கணினியில் எண்களாகச் சேமிப்பதே அது. தெருக்கடையில் நகலெடுப்பது போன்ற வேலைதானே என்று எண்ணிச் சென்ற எனக்கு, பணியின் பெரும்பகுதி படமெடுப்பதற்கு முன்பும் பின்புமே நடக்கிறது என்பது புதிய செய்தியாயிற்று.

முதலில் துருவேறிய குண்டூசிகளையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மென்தூரிகையால் தூசியைத் துடைக்க வேண்டும். மடிப்புகளை நீவிச் சமப்படுத்த வேண்டும். கிழிந்த தாளுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளைக் கரைத்துப் பிரிக்கத்தக்க பசையால் ஒட்டுகிறார்கள். நம் வீட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் ஒட்டுநாடாவைப் பழந்தாள்மேல் ஒட்டுவது கொடுமை என்பதை அங்கே அறிந்தேன். அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பெருகிய மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டு. அது தானே பழுத்து நொறுங்கும். பழைய இரும்பு மையும் காலப்போக்கில் தாளை அரித்துவிடும். நம் நாட்டு வெப்பமும் ஈரக்காற்றும் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகின்றன.

பிறகு படமெடுப்பு. கட்டடம் செய்த ஏட்டை முதுகு முறியாதபடி தொட்டில் போன்ற தாங்கியில் வைத்து மேலிருந்து படமெடுக்கிறார்கள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி அல்லது அதற்கு மேல் என்பது இப்பணியில் பெருவழக்கு. ஒரு பக்கத்துக்கு இரு படம்: ஒன்று சுருக்கப்படாத மூலப்படம், காப்புக்கு, மற்றொன்று சிறிய படம், படிப்பவர்க்கு. அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் கோப்பு எண், ஆண்டு, அலுவலகம், பொருள் என்று விவரம் எழுதப்பட வேண்டும். இவ்விவரம் தவறினால், எடுத்த படம் கடலில் போட்ட கல்லாகும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இலக்கப் படம் அழியாதது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மை வேறு. நல்ல தாள் அலமாரியில் நூறாண்டு கிடந்தாலும் எடுத்துப் படிக்கலாம். பத்தாண்டுக்கு முன் பதிந்த வட்டு இன்று பல கணினிகளில் திறப்பதில்லை. ஆதலின் படங்களைக் காலத்துக்குக் காலம் புதிய கருவிகளுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படிகள் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். படமெடுத்தபின் மூலத்தையும் தூக்கி எறிவதில்லை.

தேடுவதற்கு வேண்டிய அறிவு

காப்பகத்தின் பட்டியலை இன்று இணையத்தின் வழி வீட்டிலிருந்தே தேடலாம். எனினும் தேடத் தெரிய வேண்டும். அங்கே ஒரு முற்பகல் முழுவதும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் பிறர்க்குப் பயன்படும்.

இராமசாமி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். அதிகாரியின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியதால், முதலில் இகரம் வந்தும் வராமலும், நடுவில் ஓரெழுத்து இரட்டித்தும் இரட்டிக்காமலும், இறுதியில் ‘சாமி’ ஓரிடத்தில் ‘சமி’யாகவும் வேறிடத்தில் ‘ஸ்வாமி’யாகவும் நிற்கிறது. கணினிக்கு இவை வெவ்வேறு மனிதர். பெரும்பாலான இடங்களில் பெயரே இல்லை. ‘தமிழ்க் கூலி’ என்பதே உண்டு. இனப்பெயரும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் ‘கிளிங்’ என்றும், பின்னர்த் ‘தமிழரும் பிற இந்தியச் சுதேசிகளும்’ என்றும், அதன்பின் ‘இந்தியர்’ என்றும் வருகிறது. ஒரு சொல்லை மட்டும் தேடுபவர் மற்றக் காலத்தைத் தவறவிடுவார்.

தோட்டப் பெயரும் அப்படியே. ஆவணத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். லயத்து வழக்கிலோ பழைய துரையின் பெயரோ, ஆற்றின் பெயரோ, மேட்டின் பெயரோ வழங்கும். இரண்டும் ஒரே இடம் என்பதை அத்தோட்டத்தில் வாழ்ந்தவரே அறிவர். அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். மேலும், கையெழுத்துத் தாள்களையும் ஜாவி எழுத்துத் தாள்களையும் கணினி அச்செழுத்தைப் போல எளிதில் படித்துவிடுவதில்லை. மனிதர் படித்து எழுதிய பட்டியலையே நம்ப வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பெயரும் தோட்ட வழக்கும் அறிந்தவர் இப்பணியில் துணை நின்றாலன்றி, நம்மவர் கோப்புக்குள் இருந்தும் இல்லாதவராகவே இருப்பர்.

அங்கே இல்லாதவை

நான் தேடிச் சென்ற பதிவேடு அங்கே இல்லை. எங்கள் வட்டாரத் தோட்டப் பள்ளிகளைப் பற்றிய கோப்பு ஒன்று கிடைத்தது. பள்ளியின் பெயர், ஆசிரியர் எத்தனை பேர், ஆண் பிள்ளைகள் இத்தனை, பெண் பிள்ளைகள் இத்தனை என்று ஒரு வரி. அம்மூதாட்டியார் படித்த காலத்தது தான் அது. பெண் பிள்ளைகள் தொகையில் அவரும் ஒருவராக இருத்தல் கூடும். பெயர் இல்லை.

இதற்குக் காப்பகத்தைக் குறை கூறுவதற்கில்லை. காப்பகம் அரசாங்கத்தின் தாள்களைக் காக்க ஏற்பட்டது. தோட்டம் தனியார் உடைமை. பெரட்டில் நின்றவர் பெயர் எழுதிய செக்ரோல் புத்தகம் தோட்ட ஆபீசில் கிராணியிடம் இருந்தது. சேர்க்கைப் பதிவேடு பள்ளி அலமாரியில் இருந்தது. ஐம்பது அறுபதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் ஆபீசுகள் மூடப்பட்டன. தொழிலாளர்க்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை யாவரும் அறிவோம். நிலத்தை மீட்க முயன்றோம். அத்தோட்டங்களின் ஏடுகளை மீட்க நாம் முனையவில்லை. மெர்டேக்காவின்போது 888 என்று கணக்கிடப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ எட்டவில்லை. மூடிய பள்ளிகளின் பதிவேடுகள் எங்கே என்று கேட்டால், நான் செய்ததைப் போன்ற செயல்களே பல இடங்களில் விடையாக வரும்.

ஏடில்லாமையின் கொடுமைக்குச் சயாம் மரண ரயில்பாதையினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்பாதை போடப்பட்டது. மேலைநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. அவர்களுக்குக் கல்லறைகளும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்க்கு அத்தகைய முழுப் பட்டியல் இல்லாமையால், போனவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்பதில் இன்றளவும் கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது.

மாறாக, ஒப்படைத்தது பிழைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. 1887-இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘சிங்கை நேசன்’ இதழின் படிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தமையால் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. ‘தமிழ் முரசு’ம் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தால் பதிவு செய்யப்பட்டு, பழைய இதழ்களை இணையத்தில் புரட்டிப் பார்க்க முடிகிறது. அவற்றைக் காத்தவர்கள் அவற்றின் அருமையை முழுதும் அறிந்து காத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எறியாமல் வைத்திருந்தார்கள், அதுவே போதுமானதாயிற்று.

ஆசிரியர் செய்யத்தக்கவை

காப்பகம் தனியார் தரும் தாள்களையும் ஏற்றுக் காக்கிறது. துன் டான் செங் லாக் அவர்களின் கடிதங்களும் தாள்களும் அவ்வாறே அங்கே இடம்பெற்று, ஆராய்வோர்க்குப் பயன்படுகின்றன. பெருந்தலைவரின் தாளுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்று நாம் எண்ண வேண்டியதில்லை. ஆதலின் சக ஆசிரியர்களுக்குச் சில சொல்வேன்.

உங்கள் பள்ளி அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஏட்டைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். கரையான் அவ்வழியே வரும். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். ஏட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒரு பக்கமும் விடாமல், பகல் வெளிச்சத்தில், கைத்தொலைபேசியால் நேர்மேலிருந்து படமெடுங்கள். பள்ளி, ஏடு, ஆண்டு, பக்கம் இவை விளங்கும்படி படத்துக்குப் பெயரிடுங்கள். மூன்று படி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறப்பு விவரமும் அடையாள எண்ணும் ஊரறிய வெளியிடத் தக்கவை அல்ல. அவற்றைப் புலனத்தில் பரப்பலாகாது. பள்ளி மூடப்படும் நிலை வந்தால், அல்லது ஏட்டைக் காக்க இடமில்லையென்றால், கல்வி அலுவலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் கலந்து ஆவன செய்யுங்கள். மாணவர்களைக் கொண்டு, முதியோரிடம் தோட்டத்தின் பழைய பெயர், லயங்களின் பெயர், கண்காணி, கிராணிமார் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையால் செய்ய இயலாத வேலையன்று இது.

நான் என் பள்ளியில் இப்பணியைத் தொடங்கிவிட்டேன். எங்களிடம் எஞ்சியிருப்பவை நாங்கள் தீ வைத்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிற்பட்டவை மட்டுமே. இருப்பினும் அவற்றிலுள்ள பெயர்களுக்கு உரியவர்கள் இன்று நாற்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஒருநாள் என் இடத்தில் இருக்கப்போகும் தலைமையாசிரியரிடம் வந்து நிற்கக்கூடும்.

அம்மூதாட்டியாரைக் கோலாலம்பூரிலிருந்து வந்தபின் அவர் இல்லத்துக்கே சென்று கண்டேன். கோப்பில் கண்ட அந்த ஒரு வரியின் நகலைக் காட்டினேன். பதிவேட்டை எரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தாளை வாங்கி, பள்ளியின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அவருடன் படித்தவர்கள் இருவரைத் தேடிக் கண்டு, அவர்களுடைய சத்தியப் பிரமாணத்தோடு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை.